பைக்குக்கு எந்த இன்ஜின் ஆயில் ஊத்தணும்? தண்டையார்பேட்டை ஒர்க்‌ஷாப்ல தினமும் கேக்குற கேள்விங்களும் பதிலும்

தண்டையார்பேட்டையில 22 வருஷமா டூ வீலர் வேலை பாக்குறேன். காசிமேட்டுல விடிகாலை மீன் எடுக்குற அண்ணனுங்க, ஹார்பர்ல ஷிஃப்ட் போறவங்க, மணலி பக்கம் கம்பெனிக்கு போறவங்க, ஃபுட் டெலிவரி பசங்க, புள்ளைங்கள ஸ்கூட்டியில ஸ்கூல்ல விடுற அக்காங்க, யாரு வந்தாலும் ஆயில் மாத்தும்போது அதே கேள்விங்க தான் வருது. பதில் தெரியாததால நல்ல நல்ல இன்ஜின் கெட்டுப் போறத பாத்து மனசு கேக்காம எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெக்கிறேன்.

அண்ணே, எந்த பிராண்ட் பெஸ்ட்?

இது தான் எல்லாரும் மொதல்ல கேக்குறது, ஆனா இது மூணாவதா கேக்க வேண்டிய கேள்வி. மொத கேள்வி, என் வண்டிக்கு என்ன கிரேடு, அதாவது 10டபிள்யூ30 மாதிரி கெட்டித்தன்மை நம்பர், என்ன ஜாசோ, அதாவது பைக் ஆயிலுக்கான ஸ்டாண்டர்ட், ரெண்டையும் கீழ சொல்றேன். ரெண்டாவது, லெவல் சரியா இருக்கா, கடைசியா எப்ப மாத்துனது. இந்த ரெண்டும் சரியா இருந்தா சர்வோ, காஸ்ட்ரால், மோட்டுல், ஷெல், மோபில், வண்டி கம்பெனியே விக்கிற ஆயில், எது ஊத்துனாலும் இன்ஜின் நல்லா ஓடும். ரெண்டும் தப்புன்னா எவ்வளவு காஸ்ட்லி ஆயில் ஊத்துனாலும் வேஸ்ட் தான். சீட்டுக்கு அடியில இல்லனா டேங்க் கவர்ல ஓனர்ஸ் மேனுவல்னு ஒரு சின்ன புக்கு கொடுத்திருப்பாங்க, அதுல ஆயில் பக்கத்த ஒரு தடவ போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, எந்த கடைக்கு போனாலும் அத காட்டி வாங்குங்க. புக்கு தொலைஞ்சிருந்தா கம்பெனி வெப்சைட்ல கிடைக்கும்.

10டபிள்யூ30, 20டபிள்யூ40ன்னு போட்டிருக்கே, அந்த நம்பர் என்ன?

டபிள்யூன்னா விண்டர். முன்னாடி நம்பர் ஆயில் குளுந்து கிடக்கும்போது எப்படி ஓடும்ங்கறது, பின்னாடி நம்பர் இன்ஜின் சூடானப்புறம் எவ்வளவு கெட்டியா நிக்கும்ங்கறது. பின்னாடி நம்பர 100 டிகிரி செல்சியஸ்ல டெஸ்ட் பண்ணுவாங்க. 30ன்னா 9.3ல இருந்து 12.5 செண்டிஸ்டோக் வரைக்கும், 40ன்னா 12.5ல இருந்து 16.3, 50ன்னா 16.3ல இருந்து 21.9. செண்டிஸ்டோக்னா ஆயிலோட கெட்டித்தன்மைக்கு அளவு, நம்பர் ஏற ஏற கெட்டி. முன்னாடி நம்பர மைனஸ் டிகிரியில டெஸ்ட் பண்றாங்க, 10டபிள்யூக்கு மைனஸ் 25ல, 20டபிள்யூக்கு மைனஸ் 15ல. நம்ம ஊர்ல மார்கழி விடிகாலையில கூட 20 டிகிரிக்கு கிட்ட தான் இருக்கும், அதனால 20டபிள்யூ ஊத்துனா வண்டி ஸ்டார்ட் ஆகாதுன்னு யாரும் பயப்பட வேணாம். ஆனா ராத்திரி முழுக்க நின்ன வண்டிய காலையில எடுக்கும்போது ஆயில் கீழ இருந்து இன்ஜின் மேல இருக்க ஹெட்டுக்கு, அங்க வால்வ தொறக்குற கேமுக்கு போய் சேர கொஞ்சம் நேரம் ஆகும், அந்த நேரத்துல மெல்லிசா இருக்க ஆயில் சீக்கிரம் போய் சேரும். 10டபிள்யூவோட லாபம் நமக்கு அது தான்.

நம்ம ஊரு வெயிலுக்கு கெட்டி ஆயில் தான் நல்லதுன்னு சொல்றாங்களே?

பழைய மெக்கானிக் நெறைய பேர் இப்படி தான் சொல்லுவாங்க, நானும் ஆரம்பத்துல எல்லா வண்டிக்கும் 20டபிள்யூ40 தான் ஊத்திட்டு இருந்தேன். அந்த காலத்து இன்ஜினுக்கு அது சரி. இப்ப வர இன்ஜின்ல பேரிங், கேம், பிஸ்டன் கேப் எல்லாம் ரொம்ப டைட்டா வெச்சு செய்யறாங்க, ஆயில் போற ஓட்டைங்களும் சின்னது, ஆயில் பம்பும் அந்த மெல்லிசு ஆயிலுக்கு கணக்கு போட்டு வெச்சது. அங்க கெட்டியா ஊத்துனா பிக்கப் மந்தமாகும், மைலேஜ் கொஞ்சம் குறையும், காலையில கேம் பக்கம் ஆயில் லேட்டா போகும். ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ30, ராயல் என்ஃபீல்ட் 350க்கு 15டபிள்யூ50, பழைய பல்சர் பலதுக்கு 20டபிள்யூ50ன்னு கம்பெனிக்காரன் தனித்தனியா சொல்றான்னா இதே ஊர் வெயில்ல இதே இந்தியாவுல ஓட்டி பாத்து தான் சொல்றான்.

ஜாசோ எம்ஏ, எம்ஏ2, எம்பி இதெல்லாம் என்ன? இது பாக்கணுமா?

கண்டிப்பா பாக்கணும். காரையும் பைக்கையும் பிரிக்கிறது இது தான்.

காருல இன்ஜினுக்கு தனி ஆயில், கியர் பாக்ஸுக்கு தனி ஆயில், கிளட்ச் பிளேட் ஆயில் படாம காஞ்சு இருக்கும். நம்ம பைக்குல ஒரே ஒரு லிட்டர் ஆயில் இன்ஜினையும் பாக்குது, கியரையும் பாக்குது, கிளட்ச் பிளேட்டும் அதுலயே தான் ஊறுது. இன்ஜினுக்கு வழுவழுன்னு இருந்தா நல்லது, கிளட்சுக்கு புடிப்பு வேணும், ரெண்டும் ஒரே ஆயில்ல நடக்கணும். ஜப்பான்காரங்க 1998ல பைக் ஆயிலுக்குன்னே ஒரு ஸ்டாண்டர்ட் கொண்டு வந்தாங்க, அது தான் ஜாசோ. எம்ஏன்னு இருந்தா கிளட்ச் பிளேட் வழுக்காம புடிக்கும்னு டெஸ்ட் பண்ணது, எம்ஏ2ன்னா அதுலயே புடிப்பு இன்னும் அதிகம். எம்பின்னா புடிப்பு கம்மி, வழுக்கல் அதிகம், அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு.

கேன் பின்னாடி ஒரு சின்ன கட்டம் இருக்கும், அதுல எம்ஏ, எம்ஏ2, எம்பின்னு போட்டிருக்கும். முன்னாடி இருக்க பெரிய எழுத்து, பைக் படம், சிவப்பு கலர், இதெல்லாம் விட்டுட்டு அந்த கட்டத்த பாருங்க.

வீட்டுல கார் ஆயில் மிச்சம் இருக்கு, பைக்குல ஊத்தலாமா?

ஊத்தாதீங்க. கொருக்குப்பேட்டையில இருந்து ஒரு தம்பி வந்தான், அவங்க மாமா காருக்கு வாங்குன 5டபிள்யூ30 ஃபுல் சிந்தெட்டிக் மிச்சம் இருந்திருக்கு, காஸ்ட்லி ஆயில் தானேன்னு அவன் 150 சிசி வண்டியில ஊத்திட்டான். நாலு நாள் நல்லா தான் ஓடிருக்கு. அஞ்சாவது நாள் பேசின் பிரிட்ஜ் மேம்பாலம் ஏறும்போது ஆக்ஸிலரேட்டர் முறுக்குறான், இன்ஜின் கத்துது, வண்டி மட்டும் ஏறல, பின்னாடி லாரி ஹாரன் அடிக்குது. கடைக்கு கொண்டு வந்து கிளட்ச் கவர் கழட்டி பாத்தா பிளேட் எல்லாம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு, ஸ்டீல் பிளேட்டு நீலம் பாஞ்சிருக்கு. மைலேஜுக்காக கார் ஆயில் பலதுல வழுக்கல் கொடுக்குற மருந்து சேப்பாங்க, அது பிளேட்டுல ஏறிடுச்சு. ஆயில் மாத்தி, கிளட்ச் பிளேட் செட் மாத்தி தான் அனுப்புனேன்.

கண்டெய்னர் லாரி அண்ணன் 15டபிள்யூ40 டீசல் ஆயில் தரேங்கறாரு, அது?

எண்ணூர் ஹை ரோடு பக்கம் இது நெறைய நடக்குது. டீசல் ஆயில்ல கார் ஆயில் மாதிரி வழுக்கல் மருந்து பெரும்பாலும் இருக்காது, அதனால உடனே கிளட்ச் போகாது, அத வெச்சு தான் நல்லதுன்னு நெனைக்கிறாங்க. ஆனா அது மெதுவா சுத்துற பெரிய இன்ஜினுக்கு, டீசல் புகைக்கரிய சமாளிக்க செஞ்சது, நம்ம இன்ஜின் எட்டாயிரம் ஆர்பிஎம் சுத்தும். சில டீசல் ஆயில் கேன்ல ஜாசோ எம்ஏவும் சேத்து போட்டிருக்கும், கிரேடும் உங்க வண்டி மேனுவலோட பொருந்துனா ஊத்தலாம். இல்லாம லூஸா பாட்டில்ல புடிச்சு தரது வேணாம்.

ஸ்கூட்டருக்கு?

ஆக்டிவா மாதிரி வண்டிக்கு 10டபிள்யூ30 ஜாசோ எம்பி. ஸ்கூட்டர்ல கிளட்ச் ஆயில்ல ஊறாது, பெல்ட்டோட தனியா இருக்கும், அதனால எம்பி வழுக்கல் அங்க நல்லது, மைலேஜும் வரும். அவசரத்துக்கு ஸ்கூட்டர்ல எம்ஏ ஊத்தலாம், ஒண்ணும் ஆகாது. எம்பிய பைக்குல மட்டும் ஊத்தவே கூடாது. இன்னொண்ணு, அக்காங்க பாதி பேருக்கு தெரியாது, ஸ்கூட்டர்ல பின் வீல் பக்கத்துல சின்னதா ஒரு கியர் கேஸ் இருக்கு, அதுக்கு தனியா ஆயில் உண்டு, ஆக்டிவாவுல மாத்தும்போது 120 மில்லி தான் புடிக்கும். வருஷ கணக்கா யாரும் அத தொடாம விட்டு, பின்னாடி ங்ங்ன்னு சத்தம் வந்தப்புறம் தான் கொண்டு வராங்க.

எஸ்ஜே, எஸ்எல், எஸ்என்னு போட்டிருக்கே?

அது ஏபிஐ, அமெரிக்கா ஸ்டாண்டர்ட். எஸ்ஸுக்கு அடுத்த எழுத்து ஏற ஏற புதுசு. மேனுவல்ல எஸ்ஜேன்னு போட்டிருந்தா எஸ்எல், எஸ்எம், எஸ்என் எல்லாம் ஊத்தலாம், கூடவே ஜாசோ எம்ஏ இருக்கணும், அவ்வளவு தான்.

மினரலா, செமி சிந்தெட்டிக்கா, ஃபுல் சிந்தெட்டிக்கா?

மினரல்னா கச்சா எண்ணெயில இருந்து சுத்தம் பண்ணி எடுத்தது, நம்ம மணலி ரிஃபைனரியிலயே லூப் ஆயிலுக்கான பேஸ் ஆயில் எடுக்குறாங்க. சிந்தெட்டிக்ல ஆயிலோட மூலக்கூறு எல்லாம் ஒரே சைஸா இருக்க மாதிரி செஞ்சிருப்பாங்க, அதனால சூட்டுல சீக்கிரம் கெடாது, கெட்டித்தன்மை ரொம்ப நாள் நிக்கும். செமின்னா ரெண்டும் கலந்தது, எவ்வளவு பர்சென்ட்ன்னு கேன்ல பெரும்பாலும் இருக்காது.

100, 125 சிசி வண்டிக்கு மேனுவல் மினரல் சொன்னா மினரலே போதும், நேரத்துக்கு மாத்துங்க. நாள் முழுக்க டிராஃபிக்ல ஓடுற வண்டி, 200 சிசிக்கு மேல, இல்லனா ஏர் கூலிங் மட்டும் இருக்க பெரிய இன்ஜினுக்கு செமியோ ஃபுல்லோ போட்டா பலன் தெரியும், கியர் ஸ்மூத்தா விழும், சாயங்காலம் இன்ஜின் சத்தம் கூட கம்மியா இருக்கும். ஆனா ஃபுல் சிந்தெட்டிக் ஊத்திட்டோம் இனி பத்தாயிரம் கிலோமீட்டர் தொட வேணாம்னு விடுறாங்க பாருங்க, அதுக்கு மினரல் ஊத்தி மூவாயிரத்துல மாத்துறவன் வண்டி நூறு மடங்கு நல்லா இருக்கும். ரொம்ப பழைய வண்டியில, சீல் எல்லாம் காஞ்சு போனதுல, புதுசா சிந்தெட்டிக் ஊத்துனா மறைஞ்சிருந்த லீக் வெளிய தெரியும், ஆயில் மேல பழி போடாம சீல மாத்துங்க.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவ மாத்தணும்?

புது வண்டின்னா மொத சர்வீஸ், மேனுவல்ல 500ல இருந்து 1000க்குள்ள ஒரு கிலோமீட்டர் போட்டிருக்கும், அத தள்ளி போடவே கூடாது. புது இன்ஜின்ல கியரும் ரிங்கும் ஒண்ணோட ஒண்ணு தேஞ்சு செட் ஆகும்போது வர இரும்பு தூள் எல்லாம் அந்த மொத ஆயில்ல தான் இருக்கும், வெயில்ல புடிச்சு பாத்தா மினுமினுன்னு தெரியும்.

அதுக்கப்புறம் மேனுவல்ல 3000, 6000, சில புது வண்டிக்கு 10,000 வரைக்கும் இருக்கும். இங்க தான் நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு கணக்கு போடணும். கிலோமீட்டர் மீட்டர் ரோட்ட தான் எண்ணுது, இன்ஜின் ஓடுன நேரத்த எண்ணாது. மணிக்கு 50ல போறவனுக்கு 3000 கிலோமீட்டர் ஓட்ட 60 மணி நேரம் ஆகும். திருவொத்தியூர்ல இருந்து பாரிஸ் கார்னர் வரைக்கும் டிரெய்லர் லாரிக்கு நடுவுல ஊந்து ஊந்து சராசரி 20ல போறவனுக்கு அதே 3000க்கு 150 மணி நேரம். அதே மீட்டர், ஆனா ஆயில் ரெண்டரை மடங்கு உழைச்சிருக்கு, அதுவும் காத்து படாம சூட்டுல, ஹார்பர் ரோட்டு தூசியில. மேனுவல் பலதுலயும் தூசியிலயும் நெரிசல்லயும் ஓட்டுனா சீக்கிரம் மாத்தணும்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, நாம எல்லாரும் அந்த சின்ன எழுத்துல தான் வரோம்.

அதனால நான் சொல்றது, மினரல்னா 2500ல இருந்து 3000, செமின்னா 4000, ஃபுல்லுன்னா 5000லருந்து 6000. மேனுவல் இதுக்கு கம்மியா சொன்னா மேனுவல் தான் சரி. டெலிவரி பசங்க ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டுறீங்க, உங்களுக்கு மாசம் ஒரு ஆயில் சேஞ்ச் வருது, அத பெட்ரோல் காசு மாதிரி தனியா எடுத்து வெச்சிடுங்க தம்பி. வண்டியே ஓட்டாம வெச்சிருக்கவங்களும் வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தணும், தெருமுனை கடைக்கு மட்டும் போய் வர வண்டியில இன்ஜின் முழுசா சூடாகாது, உள்ள தண்ணி ஆவி தங்கி ஆயில கெடுக்கும்.

லெவல் எப்படி செக் பண்றது?

இந்த ஒரு பதில மட்டுமாவது எல்லாரும் படிங்க. போன மழைக்கு முன்னாடி ஒரு டெலிவரி தம்பி 100 சிசி வண்டி தள்ளிட்டு வந்தான், மேல டக டகன்னு சத்தம். டிரெயின் போல்ட்ட கழட்டி டிரே வெச்சேன். ஒரு லிட்டருக்கு கிட்ட வர வேண்டிய எடத்துல ஒரு டீ கிளாஸ் அளவு வந்துது, தார் மாதிரி, சொட்டு சொட்டா. ஹெட்ட தொறந்தா கேம் லோப்ல விரல் வெச்சா மேடு பள்ளம் தட்டுது, ராக்கர் முகம் குழியா இருக்கு. அவன் ஆயில் நல்ல பிராண்ட் தான் ஊத்திருந்தான், அஞ்சு மாசம் முன்னாடி. புகை வரல, லீக் இல்ல, அதனால சந்தேகமே வரல அவனுக்கு. இன்ஜின் கொஞ்சம் கொஞ்சமா ஆயில குடிச்சிட்டே இருந்திருக்கு. கேம், ராக்கர், டைமிங் செயின் எல்லாம் மாத்துனதுல அவனோட பல நாள் சம்பாத்தியம் போச்சு, மூணு நாள் வேலைக்கும் போகல. அத நெனச்சா இன்னும் கஷ்டமா இருக்கு எனக்கு, ஏன்னா ஒரு நிமிஷ வேலை.

சென்டர் ஸ்டாண்ட் போடுங்க, சமமான தரையில. இன்ஜின மூணு நிமிஷம் ஓட விட்டு ஆஃப் பண்ணி இன்னொரு ரெண்டு மூணு நிமிஷம் விடுங்க. டிப்ஸ்டிக்க, அதாவது ஆயில் அளவு பாக்குற குச்சிய, எடுத்து துணியில தொடைங்க. ஹீரோ, ஹோண்டா வண்டி பலதுல திரும்ப திருகக் கூடாது, சும்மா உள்ள விட்டு எடுக்கணும். திருகிட்டு எடுத்தா ஸ்டிக் இன்னும் ஆழமா போகும், ஆயில் கம்மியா இருந்தாலும் நெறைய இருக்க மாதிரி காட்டும். மேல கோட்டுக்கும் கீழ கோட்டுக்கும் நடுவுல, மேல கிட்ட இருந்தா ஓகே. ராயல் என்ஃபீல்ட் மாதிரி வண்டியில ஆயில் லெவல் பாக்க இன்ஜின்ல சின்ன கண்ணாடி இருக்கும், வண்டிய நேரா நிக்க வெச்சு பாருங்க, சைடு ஸ்டாண்டுல சாஞ்சு நிக்கும்போது பாத்தா தப்பா காட்டும். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ, டெலிவரி ஓட்டுறவங்க வாரத்துக்கு ஒரு தடவ.

ஆயில் கருப்பாயிடுச்சு, உடனே மாத்தணுமா?

கருப்பு ஆகுறது மட்டும் கெட்டது இல்ல. உள்ள இருக்க கரிய கழுவி எடுத்து தன்கிட்ட வெச்சுக்கறது ஆயிலோட வேலை, அத செஞ்சா கருப்பு ஆகத் தான் செய்யும். நீங்க பயப்பட வேண்டிய கலர் வேற. டீ கலர்ல பால் மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு. பெட்ரோல் வாசனை அடிச்சு தண்ணியா ஓடுனா கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆகி பெட்ரோல் உள்ள இறங்குது. மினுமினுன்னு தூள் தெரிஞ்சா, புது வண்டி இல்லன்னா, ஏதோ ஒண்ணு தேயுது, ஓட்டாம கொண்டு வாங்க.

கொஞ்சம் அதிகமா ஊத்துனா நல்லது தானே?

இல்ல. உள்ள சுத்துற கிராங்க் ஆயில அடிச்சு நுரை ஆக்கிடும், நுரைக்கு காப்பாத்துற சக்தி கிடையாது. இன்ஜின் காத்த வெளிய விடுற பிரீதர் குழாய் வழியா ஏர் ஃபில்டருக்கு ஆயில் போகும், சீல் தள்ளும். பல வண்டியில கிளட்ச் கவர்லயோ மூடி பக்கத்துலயோ அளவு பொறிச்சே இருக்கும், அத பாருங்க. ஒரு லிட்டர் கேன் வாங்குனேன் மிச்சம் எதுக்குன்னு முழுசா கவுக்காதீங்க, மிச்சத்த மூடி டைட் பண்ணி டாப்பப்புக்கு வெச்சுக்கோங்க.

ஆயில் மாத்தும்போது ஃபில்டரும் மாத்தணுமா?

பேப்பர் ஃபில்டர் இருக்க வண்டின்னா மேனுவல் சொல்ற கணக்குல மாத்துங்க, நான் பெரும்பாலும் ஆயிலோட சேத்து மாத்திடுவேன், ஓரிங்கும் புதுசு போடுவேன். ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டியில பேப்பர் ஃபில்டர் கிடையாது, உள்ள ஒரு வலையும் சுத்துற ஃபில்டரும் இருக்கு, அத கிளட்ச் கவர் கழட்டி தான் சுத்தம் பண்ண முடியும். நாலஞ்சு வருஷமா தொடாத வண்டியில கவர் கழட்டுனா உள்ள சேறு மாதிரி அப்பிட்டு இருக்கும். டிரெயின் போல்ட் வாஷரும் கேட்டு புதுசு போட சொல்லுங்க, அலுமினிய இன்ஜின்ல பழைய வாஷரோட பலமா முறுக்கி த்ரெட்ட காலி பண்ணிட்டு வரவங்க மாசத்துக்கு ரெண்டு பேராவது உண்டு.

என்கிட்ட பழைய புல்லட் இருக்கு?

இது எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேந்து என்ஃபீல்ட் இந்தியாவ ஆரம்பிச்சு நம்ம திருவொத்தியூர்ல ஃபேக்டரி போட்டாங்க, அந்த ஏரியாவுல வீட்டுக்கு ஒருத்தராவது அந்த கேட்டுக்குள்ள போய் வந்தவங்க இருப்பாங்க. அந்த பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்ல இன்ஜின் ஆயில் தனி, கியர் பாக்ஸ் தனி, பிரைமரி செயின் கேஸ் தனி. மூணையும் தனித்தனியா பாக்கணும், இன்ஜினுக்கு மட்டும் மாத்திட்டு கியர் பாக்ஸ மறந்துடுறாங்க. இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுல இருக்க யூசிஇ இன்ஜின் வந்த அப்புறம் தான் எல்லாம் ஒரே ஆயில் ஆச்சு, அதுக்கு 15டபிள்யூ50 எம்ஏ2. பழசுக்கு சொல்றத புதுசுக்கு கேக்காதீங்க, புதுசுக்கு சொல்றத பழசுல ஊத்தாதீங்க.

டிவிஎஸ் எக்ஸெல்லுக்கு பெட்ரோல்ல ஆயில் கலக்கணுமா?

பழைய எக்ஸெல் சூப்பர் டூ ஸ்ட்ரோக், அதுக்கு கலக்கணும், டூடி, அதாவது டூ ஸ்ட்ரோக் ஆயில், அந்த பாட்டில்ல போட்டிருக்க அளவு. எக்ஸெல் 100 ஃபோர் ஸ்ட்ரோக், அதுக்கு பெட்ரோல்ல ஒரு சொட்டு கூட கலக்கக் கூடாது, இன்ஜினுக்குள்ள தனியா ஆயில் இருக்கு, பைக் மாதிரி அத மாத்தணும். காசிமேட்டுல மீன் கூடை கட்டி ஓட்டுற ஒரு பெரியவர் எக்ஸெல் சூப்பர வித்துட்டு எக்ஸெல் 100 வாங்கி ஒரு வருஷம் பழக்கத்துல பெட்ரோல்ல கலந்துட்டே இருந்தாரு, உள்ள இருக்க ஆயில மாத்தவே இல்ல. சைலன்சர் கரி புடிச்சு, பிளக் அடைச்சு, இன்ஜின் ஆயில் அடியில கொஞ்சூண்டு நின்னுச்சு. அவர் மேல தப்பில்ல, வண்டி விக்கும்போது யாராவது ஒரு வார்த்தை சொல்லிருக்கணும்.

யமஹா ஆர்எக்ஸ் 100, அதுவும் டூ ஸ்ட்ரோக் தான், வெச்சிருக்க தம்பிங்களுக்கு, டூடி டேங்க்ல ஜாசோ எஃப்சியோ எஃப்டியோ பாத்து ஊத்துங்க, புகை கம்மி. கியர் பாக்ஸுக்கு வேற ஆயில், அங்க கிளட்ச் ஊறுது, அதனால எம்ஏ.

புகை வருது, கெட்டி ஆயில் ஊத்துனா நிக்குமா?

கொஞ்ச நாளைக்கு கம்மியான மாதிரி தெரியும், நோய் அப்படியே தான் இருக்கும். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீல புகை வந்து நின்னா வால்வ் சீல், சின்ன வேலை. முறுக்கும்போதெல்லாம் வந்தா பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் தேஞ்சிருக்கு. காசு இல்ல, ரெண்டு மாசம் ஓட்டணும்னா 10டபிள்யூ30ல இருந்து 10டபிள்யூ40 போய்க்கோங்க, வாரா வாரம் லெவல் பாருங்க, அதுக்குள்ள வேலைக்கு காசு சேருங்க.

ரெண்டு பிராண்ட் கலக்கலாமா? ஆயில்ல போடுற மருந்து பாட்டில் வாங்கலாமா?

டாப்பப்புக்கு அதே கிரேடு, அதே ஜாசோ இருந்தா வேற பிராண்ட் ஊத்தலாம், ஆயில் இல்லாம ஓட்டுறத விட ஆயிரம் மடங்கு மேல். மருந்து பாட்டில் வேணவே வேணாம், அதுல வழுக்கல் சரக்கு இருந்தா கிளட்ச் போயிடும், தேவையான மருந்து எல்லாம் ஆயில்லயே கணக்கா கலந்து தான் வருது.

வண்டி வெள்ளத்துல முழுகிடுச்சு, என்ன பண்ண?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்ப மணலி, எர்ணாவூர், கொடுங்கையூர் பக்கம் இருந்து நாள் கணக்கா வண்டி தள்ளிட்டு வந்தாங்க. செல்ஃப் அடிக்காம தள்ளிட்டு வந்ததெல்லாம் பொழைச்சுது. ஒரு தடவ ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்னு அடிச்சவங்க வண்டியில பாதி பேருக்கு செலவு பெருசா போச்சு, ஏன்னா உள்ள போன தண்ணிய பிஸ்டன் நசுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைஞ்சிடும். தண்ணி சைலன்சர் ஓட்டை வரைக்கும் ஏறிருந்தாலே ஸ்டார்ட் பண்ணாதீங்க. பிளக்க கழட்டி, ஏர் ஃபில்டர் கழட்டி, டிரெயின் போல்ட்ட தொறங்க, மொதல்ல தண்ணி வரும், அப்புறம் பால் கலர்ல ஆயில் வரும். விலை கம்மியான அதே கிரேடு ஆயில் ஊத்தி பத்து நிமிஷம் ஓட விட்டு எறக்குங்க, இன்னும் பால் கலர் இருந்தா இன்னொரு தடவ. தெளிவா வந்தப்புறம் தான் நல்ல ஆயில்.

டூப்ளிகேட் ஆயில எப்படி கண்டுபுடிக்கிறது?

மூடிக்கு கீழ இருக்க வளையம் தொறக்கும்போது டக்குன்னு உடையணும், முன்னாடியே உடைஞ்சிருந்தா வாங்காதீங்க. பேட்ச் நம்பர், தேதி, எம்ஆர்பி அழிஞ்சிருந்தா, விரல்ல தேச்சா போனா, சந்தேகப்படுங்க. எம்ஆர்பிய விட பாதி விலைக்கு தராங்கன்னா அது ஆயில் இல்ல. இதுல நம்ம பங்கும் இருக்கு, காலி கேன முழுசா காயலாங்கடையில போடுறோம், அது தான் திரும்ப நிரம்பி வருது. ஆயில் ஊத்துன உடனே கேன்ல கத்தியால ஒரு கீறல் போட்டு, மூடிய தனியா தூக்கி போடுங்க. என் கடையில கஸ்டமர் கண் முன்னாடி தான் சீல் உடைப்பேன், அவர் முன்னாடியே கேன கிழிச்சும் போடுவேன், நீங்க எந்த கடைக்கு போனாலும் இத கேட்டு வாங்குங்க.

எடுத்த பழைய ஆயில என்ன பண்றது? செயினுக்கு போடலாமா?

செயினுக்கு வேணாம், அதுல இரும்பு தூளும் கரியும் இருக்கு, செயின அரம் மாதிரி தேய்க்கும். செயினுக்கு 90 நம்பர் கியர் ஆயில் இல்லனா செயின் ஸ்ப்ரே. கையில பட்டா சோப்பு போட்டு கழுவுங்க, பழைய ஆயில் தோலுக்கு ரொம்ப கெட்டது.

வீட்டுலயே ஆயில் மாத்துறவங்க சாக்கடையிலயோ மழைநீர் கால்வாய்லயோ மட்டும் ஊத்தாதீங்க. நம்ம தெரு கால்வாய் எல்லாம் பக்கிங்காம் கால்வாய்க்கு போகுது, அங்க இருந்து எண்ணூர் முகத்துவாரம், கடல். மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து வந்தப்ப எண்ணூர் மீனவ அண்ணனுங்க படகு, வலை எல்லாம் கருப்பா புடிச்சு, வாளியில எண்ணெய அள்ளிட்டு நின்னாங்க, அவங்க வண்டிக்கும் நான் தான் வேலை பாக்குறேன். மூடி இருக்க பழைய கேன்ல ஊத்தி பக்கத்து ஒர்க்‌ஷாப்ல கொடுங்க. என் கடையில பின்னாடி ஒரு பீப்பா இருக்கு, நிரம்புனா பழைய ஆயில் எடுக்க லைசென்ஸ் வெச்சிருக்கவங்க வந்து எடுத்துட்டு போவாங்க. நீங்க எங்க ஆயில் மாத்தியிருந்தாலும் பரவால்ல, கொண்டு வந்து அதுல ஊத்திட்டு போங்க, காசு எதுவும் வேணாம்.